படத்தை டிஸ்கிலிருந்து எடுப்பது ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை

டிவிடியும் ப்ளூரேயுமாக அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்த யோசனை வந்தே தீரும். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. டிவிக்கு அடியில் இருக்கும் பிளேயர் தட்டை வெளியே தள்ளுவதற்கே முனகுகிறது. காசு கொடுத்து வாங்கிய படம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நினைத்த நேரத்தில் பார்க்க முடியவில்லை. சரி, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடலாம் என்று மென்பொருள் தேடினால் பத்துப் பதினைந்து பெயர்கள் வந்து நிற்கின்றன. 'ஒரே கிளிக்', 'அசல் தரம்', 'மின்னல் வேகம்' என்று எல்லாமே ஒன்றுபோலப் பேசுகின்றன.

நான் ஒருமுறை அவசரப்பட்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பணம் கட்டி வாங்கியது, ஒரே பொத்தானில் எல்லாம் முடிந்துவிடும். அறுபது டிவிடிகளை மூன்றே வாரத்தில் ஏற்றி முடித்தேன். ஒவ்வொரு படமும் 700 எம்பி சொச்சம். அப்போதிருந்த சின்னத் திரையில் குறை எதுவும் தெரியவில்லை. சில வருடம் கழித்துப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு முழுக்கக் கட்டம் கட்டமாகத் திரண்டு நின்றது. யாராவது வேகமாகக் கையை வீசினால் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள். சப்டைட்டில் ஒன்றிலும் இல்லை. இயக்குநர் பேசும் இரண்டாவது ஆடியோவும் போய்விட்டது. அறுபதையும் மறுபடி முதலிலிருந்து செய்ய உட்கார்ந்தேன். அதில் மூன்று டிஸ்குகள் அதற்குள் படிக்க முடியாமல் கெட்டுப்போயிருந்தன. அந்த மூன்று படங்களுக்கும் இன்று என்னிடம் இருப்பது அந்த 700 எம்பி நகல் மட்டும்தான்.

அதனால் 'எந்த மென்பொருள் நல்லது' என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, இது ஒரு முடிவு இல்லை, இரண்டு முடிவு என்பதுதான். டிஸ்கில் இருப்பதை அப்படியே வெளியே எடுப்பது ஒரு வேலை. எடுத்ததைச் சின்னதாகச் சுருக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்து தருகிற மென்பொருள் வசதியானதுதான். ஆனால் சுருக்கும்போது ஏதாவது தப்பாகிவிட்டால் திரும்பிப் போக டிஸ்க் ஒன்றுதான் கதி.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வாங்கிய டிஸ்கிலிருந்து சொந்த உபயோகத்துக்கு நகல் எடுப்பதை எல்லா நாடும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ சட்டம், டிஸ்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறப்பதையே தடுக்கிறது. 2009-ல் ரியல்டிவிடி என்ற நகலெடுக்கும் மென்பொருளின் விற்பனையை அங்கே நீதிமன்றம் நிறுத்தியது. பிரிட்டனில் 2014-ல் சொந்த நகலுக்கு அனுமதி தந்தார்கள். மறு வருடமே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த டிஸ்க், நண்பரிடம் இரவல் வாங்கியது, நகலை நாலு பேருக்கு அனுப்புவது எதுவும் இந்தக் கட்டுரையின் பேச்சில் இல்லை. வாங்கிய டிஸ்கும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

டிஸ்குக்குள் என்ன இருக்கிறது

ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி இடம். பெரும்பாலான படங்கள் இரண்டடுக்கு டிஸ்கில்தான் வந்தன. உள்ளே இருப்பது எம்பெக்-2 வீடியோ, 720க்கு 480 அல்லது 720க்கு 576 புள்ளிகள். அதன் மேல் சிஎஸ்எஸ் என்ற பூட்டு. அது வெறும் 40 பிட் சாவி. 1999-லேயே உடைந்துவிட்டது. ப்ளூரே 25 அல்லது 50 ஜிபி, 4கே ப்ளூரே 100 ஜிபி வரை போகும். அவற்றின் பூட்டு ஏஏசிஎஸ், டிவிடியின் பூட்டைவிடப் பல மடங்கு கெட்டியானது, புதுப் புதுச் சாவிகளோடு வந்துகொண்டே இருப்பது. ஆகவே டிவிடிக்குப் பூட்டைத் திறக்கத் தெரிந்த எந்தக் கருவியும் பெரும்பாலும் போதும், ப்ளூரேக்கு யாராவது தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருக்கும் கருவி வேண்டும். தேர்வில் பாதி இந்த ஒரு இடத்திலேயே தீர்ந்துவிடும்.

எடுப்பதற்கு: மேக்எம்கேவி

இந்த வேலைக்கு என் கை தானாகப் போவது மேக்எம்கேவிக்குத்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிவிடிக்கு இலவசம். ப்ளூரேக்கு 30 நாள் சோதனை, அப்புறம் விலை கொடுத்து வாங்க வேண்டும். இன்னும் 'பீட்டா' என்றே போட்டிருப்பதால், பீட்டா காலத்துக்கான தற்காலிகச் சாவியை உருவாக்கியவர்களே வெளியிடுகிறார்கள். காலாவதியானால் அடுத்த சாவியைப் போட்டுக்கொள்ளலாம்.

அது செய்வது ஒன்றே ஒன்று. பூட்டைத் திறந்து, வீடியோ, ஆடியோ, சப்டைட்டில், அத்தியாயக் குறிகள் எல்லாவற்றையும் ஒரு எம்கேவி ஃபைலுக்குள் மாற்றி வைக்கிறது. படத்தை மறுபடி சுருக்கி எழுதும் 'என்கோட்' வேலையைச் செய்வதே இல்லை. ஒரு டப்பாவில் இருந்த சாமானை இன்னொரு டப்பாவுக்கு மாற்றுவது மாதிரி. தரம் ஒரு துளிகூடக் குறையாது, டிஸ்கைப் படிக்க ஆகும் நேரம்தான் ஆகும்.

டிஸ்கைப் போட்டதும் இடது பக்கம் ஒரு பட்டியல் விரியும். டிஸ்கில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அதன் அளவோடு, எத்தனை அத்தியாயம் என்ற கணக்கோடு வரிசையாக நிற்கும். இரண்டு நிமிடத்துக்குக் குறைவானவற்றை அதுவே தள்ளிவிடும். சினிமா என்றால் பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரிய துண்டுதான் படம். தொடர் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு டிஸ்கில் 44 நிமிடத்தில் நாலு துண்டும், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டும் இருந்தன. அந்தப் பெரியது நாலையும் தொடர்ச்சியாக ஓட்டுவதற்கு வைத்தது. ஐந்தையும் டிக் செய்திருந்தால் ஒவ்வொரு எபிசோடையும் இரண்டு முறை சேமித்திருப்பேன். நாலு சின்னதை மட்டும் எடுத்தேன்.

இன்னொரு வகை டிஸ்கும் உண்டு. சில ப்ளூரேக்களில் ஒரே நீளத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகளைக் காட்டி, எது உண்மையான படம் என்று தெரியாமல் குழப்புவார்கள். ஒன்றில்தான் காட்சிகள் சரியான வரிசையில் இருக்கும், மற்றதெல்லாம் கலைத்துப் போட்டவை. அந்த மாதிரி டிஸ்கை ஒரு பிளேயர் மென்பொருளில் ஓட்டி, எந்தத் துண்டின் பட்டியல் எண்ணை அது பிடிக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 'ஒரே கிளிக்' மென்பொருள்கள் தப்பான துண்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு இந்த டிஸ்குகளில் நிறைய வாய்ப்பு இருக்கிறது.

மேக்எம்கேவியின் குறை என்ன? ஃபைல் பெரியது. டிவிடி படம் நாலிலிருந்து ஏழு ஜிபி, ப்ளூரே இருபதிலிருந்து நாற்பது. 4கே டிஸ்குக்கு எல்லா டிரைவும் ஒத்துவராது. குறிப்பிட்ட சில டிரைவுகள் மட்டுமே, அதிலும் சிலவற்றில் பொருத்தமான ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருந்தால்தான் வேலை நடக்கும். 4கே டிஸ்க் வைத்திருப்பவர்கள் மென்பொருளுக்கு முன்னால் டிரைவைத் தேட வேண்டும். டிவிடிக்காரர்கள் டிரைவில் கவனிக்க வேண்டியது வேறு. எந்தப் பகுதி நாடுகளின் டிஸ்க் ஓடும் என்பதை நிர்ணயிக்கும் பகுதிக் குறியீட்டை டிரைவ் மொத்தமே ஐந்து முறைதான் மாற்ற விடும். பல நாட்டு டிஸ்குகள் கலந்து வைத்திருந்தால் மாற்றி மாற்றிப் போட்டு அந்த ஐந்தையும் தீர்த்துவிடாதீர்கள்.

சுருக்குவதற்கு: ஹேண்ட்பிரேக்

2003-லிருந்து இருக்கிற திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். பூட்டுப் போட்ட டிஸ்கை இது தானாகத் திறக்காது, அது அதன் வேலையும் இல்லை. மேக்எம்கேவி எடுத்துக் கொடுத்த ஃபைலை இதற்குள் இழுத்துப் போட்டால் சின்னதாக்கித் தரும்.

இதில் எல்லோரும் தடுமாறுவது தரத்தை நிர்ணயிக்கும் அந்த நகர்த்தியில். ஆர்எஃப் என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். டிவிடிக்கு 18 முதல் 22, 1080பி ப்ளூரேக்கு 20 முதல் 24, 4கேக்கு 22 முதல் 28 என்று ஹேண்ட்பிரேக்கின் வழிகாட்டியே சொல்கிறது. சின்னப் படத்துக்குக் குறைந்த எண் ஏன் என்று கேட்கலாம். டிவிடி படத்தைப் பெரிய திரைக்கு இழுத்துப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு பழுதும் கூடவே பெரிதாகும், அதனால்தான்.

என் பழக்கம் இது: படத்திலேயே மிக இருட்டான காட்சியைத் தேடிப் பிடிப்பேன். முன்னோட்டம் என்ற பொத்தானில் அந்த இடத்தை ஒட்டி அரை நிமிடம் மட்டும் சுருக்கிப் பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியிலேயே அதை ஓட்டிப் பார்ப்பேன். சுவரின் நிழல் வழுவழுவென்று இறங்குகிறதா, படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக இறங்குகிறதா? பட்டை தெரிந்தால் எண்ணை இரண்டு குறைப்பேன். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் எல்லா எண்ணும் நன்றாகவே தெரியும், அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

அப்புறம் ஆடியோ. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். வழக்கமாக வரும் 'ஃபாஸ்ட் 1080பி30' அமைப்பை அப்படியே விட்டுவிட்டால், ஒரே ஒரு ஆடியோவை, அதுவும் இரண்டு சேனல் ஸ்டீரியோவாக மாற்றித்தான் வைக்கும். சுற்றிலுமிருந்து கேட்கும் 5.1 ஒலி போய்விடும், வர்ணனை போய்விடும். ஆடியோ தாவலுக்குப் போய் வேண்டியதை நாமே சேர்க்க வேண்டும். மாற்றாமல் அப்படியே கடத்து என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. சப்டைட்டிலும் அப்படித்தான். டிவிடியிலும் ப்ளூரேயிலும் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, சின்னச் சின்னப் படங்களாக இருக்கிறது. ப்ளூரேயின் அந்தப் படங்களை எம்பி4 ஃபைலில் தனியாக வைக்க வழியில்லை. காட்சியின் மேலேயே நிரந்தரமாகப் பதித்தால்தான் உண்டு, பதித்ததை அணைக்க முடியாது. எம்கேவி என்றால் அந்தச் சிக்கலே இல்லை. பழைய ஃபோனில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவரை எம்கேவியையே எடுங்கள்.

முன்னால் சொன்ன சீப்புக் கோடுகளுக்கு வருவோம். பழைய டிவி தொடர்கள், மேடைக் கச்சேரிப் பதிவுகள் பலவும் ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று பாதிப் பாதியாகப் பதிவானவை. சரியான வடிகட்டி போடாமல் சுருக்கினால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தமாக எடுக்கவே முடியாது. ஹேண்ட்பிரேக்கில் கோடு இருக்கும் ஃபிரேமை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்யும் 'டீகோம்ப்' இருக்கிறது. சுருக்காமல் அசலாகவே வைத்திருந்தால் இந்தத் தலைவலி நம்முடையது அல்ல, ஓட்டும் பிளேயர் பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கோடெக், அதாவது எந்தச் சுருக்கும் முறை, என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். எச்.264 எதிலும் ஓடும். எச்.265 அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும், நேரம் அதிகம் எடுக்கும். ஏவி1 இன்னும் புதியது, ஓட்டும் கருவி அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு சுருக்கினால் வேகம் பறக்கும். ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெருக்கும். ஒரு முறை செய்து வருடக்கணக்கில் பார்க்கப்போகிற படத்துக்கு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் என்ன?

பணம் கட்டும் மென்பொருள்கள்

டிவிடிஃபேப், வின்எக்ஸ் மாதிரி எடுப்பதையும் சுருக்குவதையும் சேர்த்துச் செய்பவை நிறைய இருக்கின்றன. இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அமைப்புகளைத் தொடவே பிடிக்காதவர், நூற்றுக்கணக்கான டிஸ்க் இல்லாதவர், ஃபோனில் பார்த்தால் போதும் என்பவர் இவற்றில் ஒன்றை எடுத்தால் நாலு மணி நேரம் மிச்சம். புதிய டிஸ்க் வந்ததும் அதற்கேற்றபடி புதுப்பித்துத் தருவதற்குத்தான் அந்தப் பணம். வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் ஒரு படத்தை முழுக்க எடுத்து, எல்லா ஆடியோவும் சப்டைட்டிலும் வருகின்றனவா, சுருக்காமல் அப்படியே எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஏமாந்தது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

இன்னொரு பயம், நிறுவனம் மூடிவிட்டால் என்ன என்பது. எனிடிவிடி என்ற பெயர்போன மென்பொருளைத் தந்த ஸ்லைசாஃப்ட் 2016-ல் ஒரே நாளில் கதவை மூடியது. மேக்எம்கேவிக்கும் அந்த நிலை வரலாம். ஆனால் அது கொடுத்த எம்கேவி ஃபைல் திறந்த வடிவம். அதைப் படிக்க எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும் எதையும் தொடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிவிடி ஷ்ரிங்க் ஒரு காலத்தில் எல்லோர் கணினியிலும் இருந்தது. 8.5 ஜிபி படத்தை 4.7 ஜிபி காலி டிஸ்கில் அடக்குவதற்காக வந்தது. அந்தத் தேவையே இப்போது இல்லை, மென்பொருளும் புதுப்பிக்கப்படாமல் நின்று பல வருடமாகிறது. விஎல்சியில் 'மாற்று/சேமி' என்று ஒன்று இருக்கிறது. விஎல்சி அருமையான பிளேயர், பிளேயராகவே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக் கட்டளை தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கு. ஒரே மாதிரி நூறு ஃபைல்களை வரிசையாக மாற்ற வேண்டும் என்றால் அதற்கு ஈடு கிடையாது. எம்கேவிடூல்நிக்ஸ் என்று ஒரு இலவசக் கருவி உண்டு. எடுத்த எம்கேவியிலிருந்து வேண்டாத மொழி ஆடியோக்களை மட்டும் படத்தைத் தொடாமல் கழற்றிவிடும். சில படங்களில் இதனாலேயே இரண்டு மூன்று ஜிபி மிச்சமாகும்.

டிஸ்கின் மெனு, முகப்புப் படம் எல்லாம் அப்படியே வேண்டும் என்பவர்கள் ஐஎஸ்ஓ வடிவில் முழு டிஸ்கையும் எடுத்து வைக்கலாம். கோடி (Kodi) என்ற பிளேயரும் விஎல்சியும் அதை ஓட்டும். வீட்டுப் படங்களை நூலகமாக அடுக்கித் தரும் பிளெக்ஸ் ஓட்டாது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் மாதிரி வீட்டு நூலகமாக வைப்பதுதான் எண்ணம் என்றால் எம்கேவிதான் வசதி.

அப்படியானால் சுருக்கவே வேண்டுமா?

ஒரு சின்னக் கணக்கு. இருநூறு டிவிடி, ஒன்றுக்குச் சராசரி 5.5 ஜிபி என்று வைத்தால் 1.1 டிபி. ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். ஆகவே டிவிடியைச் சுருக்குவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஏற்கெனவே சின்னதாக இருக்கும் படத்தை இன்னும் பிழிந்து மிச்சமாகும் இடத்தை வைத்து ஒன்றும் செய்யப்போவதில்லை. ப்ளூரேயில் கணக்கு மாறும். நூறு டிஸ்குக்கு 30 ஜிபி வீதம் 3 டிபி, அதைப் பாதுகாப்புக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் வைக்க வேண்டும். அங்கே நான் படத்துக்குப் படம் பார்ப்பேன். உயிராக நேசிக்கும் படங்கள் அசலாகவே இருக்கும். ஒருமுறை பார்த்து ரசித்துவிட்டு எப்போதாவது போடும் படங்கள் எச்.265-ல் ஆர்எஃப் 20க்குப் போகும். வெளியூர்ப் பயணத்துக்கு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்றால் அசலிலிருந்து இன்னொரு சின்ன நகல் எடுத்து, பார்த்து முடித்ததும் அழித்துவிடுவேன். அசல் கையில் இருப்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

எந்த மென்பொருளை எடுத்தாலும், ஃபைல் வந்ததும் ஓட்டிப் பார்க்காமல் டிஸ்கை உள்ளே வைக்காதீர்கள். தொடக்கம் ஓடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போன என் மூன்று டிஸ்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, வெளி ஓரத்தில் நகத்தளவுக்கு மேகம் படிந்தது போல மங்கியிருந்தது. டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. ஒற்றை அடுக்கு டிஸ்க் நிரம்பியிருந்தால் அந்த ஓரம் படத்தின் முடிவு. இரண்டடுக்குப் பட டிஸ்கில் லேசர் ஓரம் வரை போய், அங்கே அடுத்த அடுக்குக்குத் தாவி, மறுபடி உள்ளே திரும்பும். அதில் ஓரம் என்பது படத்தின் நடுப்பகுதி. என் மூன்றும் இடைவேளையை ஒட்டித்தான் நின்றன. அதனால் நடுவில் ஐந்து நிமிடம், கடைசியில் ஐந்து நிமிடம், ஆடியோவையும் சப்டைட்டிலையும் ஒவ்வொன்றாக மாற்றி ஒரு தடவை. இதெல்லாம் சரியாக இருந்தால் அந்த டிஸ்கை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.